மேட்டில் முதலிடம்

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த ஜெப்சனுக்குச் சைக்கிள் மிதிக்கக் கிடைத்தது ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். விடிந்ததிலிருந்து, வேலையாட்கள் வருகைக்குப் பேர் கொடுக்க வந்து நிற்கிற வரைக்கும். அதற்குள் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே இருக்கிற ஒரே ஒரு மேட்டை ஏறி இறங்கலாம், அவ்வளவே. சர்க்கரை எட்டிப் பார்த்த பிறகு வாங்கிய கியர் சைக்கிள். போனில் இருந்த செயலி தினமும் அவர் வேகத்தைக் கணக்குப் போட்டு, முன்னேற்றம் ஒன்றுமில்லை என்று மரியாதையாகச் சொல்லும்.

"ஏனுங்க, தினமும் அதே மேடு, அதே நீங்க. அது வேற என்னத்தச் சொல்லும்?" என்பாள் மனைவி அபிஷா.

மழை விட்டிருந்த ஒரு காலையில், மேட்டின் அடிவாரத்தில் பெரிய மூச்சுச் சத்தம் கேட்டு ஜெப்சன் திரும்பினார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை ரோட்டுக்கு வந்து தலையைத் தாழ்த்தியது. ஜெப்சன் மிதித்தார். எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அது பாதி வழியில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. போன் கிணுகிணுத்தது. செயலி வைத்து அந்த மேட்டை ஏறியவர்களில், சேலத்திலிருந்து வரும் இளவட்டங்களையும் சேர்த்து, அவருக்கே முதலிடம்.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரை இருந்தது. பிறகு செயலியிலிருந்து செய்தி வந்தது: இந்த வேகம் மனித முயற்சியாகத் தெரியவில்லை, நீங்கள் பயன்படுத்திய வாகனம் எது? கார், பைக், ரயில், மற்றவை. ஜெப்சன் 'மற்றவை'யைத் தொட்டு, 'காட்டெருமை' என்று எழுதி அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது. அவர் சாதனையை மின்சார சைக்கிள் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பேட்டரியைக் கவனமாகக் கையாளும்படி ஒரு அறிவுரையும் இருந்தது.

ஜெப்சன் அதை விடுவதாக இல்லை. அன்று இரவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொன்னுவேலிடம் போய், "அண்ணா, நாளைக்கு மொபெட்டுல என் பின்னாடியே வந்து வீடியோ எடுங்க. சாட்சி வேணும்" என்றார்.

"மாடு வரோணுமே ரைட்டரே?"

"வரும்ண்ணா. இன்னிக்கு வந்துச்சு, நேத்தும் தூரத்துல நின்னுச்சு."

மறுநாள் மாடு வந்தது. ஆனால் ஜெப்சனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்னுவேல் தன் மொபெட்டின் பின்னால் சந்தைக்குக் கொண்டுபோக முட்டைக்கோஸ் மூட்டை கட்டியிருந்தார். மாடு அதை நோக்கி நடந்தது. பொன்னுவேல் மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, ஓடிக்கொண்டிருந்த சைக்கிளின் முன்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சேர்வராய சாமியே! மிதி ரைட்டரே, மிதி!"

"அண்ணா, கையை எடுங்க, ரோடு தெரியல!"

பொன்னுவேல் நல்ல ஆகிருதி. ஜெப்சன் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முழங்கால்கள் அவர் இடுப்பில் இடிக்க இடிக்க மேட்டை ஏறினார். உச்சியில் இருவரும் சைக்கிளோடு ரோட்டோரப் புல்லில் சாய்ந்தார்கள். கீழே மாடு ஒவ்வொரு கோஸாக நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. துரத்தவே இல்லை.

வீடியோவில் மாடு இல்லை. ஜெப்சனின் மூக்குத்துவாரமும், வானமும், பொன்னுவேலின் அலறலும்தான் இருந்தன. ஜெப்சன் அதையும் அனுப்பிவைத்தார்.

இரண்டு பேரும் மாடு விலகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட்டில் ஆட்கள் பேர் கொடுக்கக் காத்திருந்ததும், மேனேஜர் நான்கு முறை கூப்பிட்டதும் ஜெப்சனுக்குப் பிறகுதான் தெரிந்தது. கோஸ் தீர்ந்ததும் மாடு காட்டுக்குள் போயிற்று.

அன்று மாலை பதில் வந்தது. வீடியோவைப் பார்த்து நெகிழ்ந்ததாகவும், குழந்தையை முன்னால் உட்காரவைத்து ஓட்டுவோர் பிரிவில் அவருக்கு உலக அளவில் முதலிடம் என்றும் இருந்தது. குழந்தை பயப்படுவதால் அடுத்த முறை மெதுவாக ஓட்டும்படி கேட்டிருந்தார்கள்.

ஜெப்சன் அதைப் பொன்னுவேலிடம் படித்துக் காட்டினார். ஐம்பத்தைந்து வயது பொன்னுவேல் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"நாளைக்குப் போலாமுங்களா?" என்றார். "இன்னிக்குச் செருப்பு வேற போட்டிருந்தேன், அது ஒரு கனம். கழட்டிட்டு வந்தா இன்னும் வெரசாப் போலாம்."

ஜெப்சன் தலையாட்டினார். சைக்கிள் வாங்கிய பிறகு அவருக்கு அன்றுதான் முதன்முறையாகத் தொடை நன்றாக வலித்தது.