மெக்சிக்கோக் கிணறு

"உந்தக் கடதாசிக் கப் ரெண்டும் ஆருக்கு அம்மா?"

வித்தியா தட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள். சிவநேசம் தேநீரை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"வாறவைக்குத்தான். கழுவுற வேலை மிச்சம்."

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் சில்வர் பேணி?"

"விசர்க் கதை கதையாதை. கலியாணத்துக்கு ஓமெண்டிட்டன்தானே. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

வரவேற்பறையில் இருந்த அப்பா தியாகலிங்கத்தின் காதில் இது விழுந்தது. விழுந்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வித்தியா மணக்கப்போகும் நிஷானும் அவன் தாய் சிவாஜினியும் இந்தக் கார்ட்டியர்வில் வீட்டுக்கு முதன்முறையாக வருகிற நாள் அது. 'ஊரிலை எவடம்?' என்ற ஒரே கேள்வியில் அவர்கள் என்ன சாதி என்று சிவநேசம் கண்டுபிடித்திருந்தாள். நம்மவர்கள் கடல் கடந்து வரும்போது எதை மறந்தாலும் அந்தக் கேள்வியை மறப்பதில்லை. ஊரில் 'குறைந்த சாதி' என்று ஒதுக்கிவைத்தவர்களுக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றினார்கள். கனடாவில் சிரட்டைக்குத் தட்டுப்பாடு, அவ்வளவுதான்.

தியாகலிங்கம் நல்ல மனிதர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி மகளைப் படிக்கவைத்தவர். அவள் பல்கலைக்கழகத்தில் புரட்சிக்குப் பிந்திய மெக்சிக்கோவை ஆராயத் தொடங்கியதிலிருந்து, அந்தப் புரட்சியைத் தாமே முன்னின்று நடத்தியவர்போலக் கதைத்துத் திரிகிறார். கோயிலில் அகப்பட்டால்கூட ஆளை விடமாட்டார்.

விருந்தினர் வந்து உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, மெக்சிக்கோவிலை என்ன நடந்தது தெரியுமே? புரட்சி வெண்டிட்டுது. பெரிய பெரிய பண்ணையளைப் பிரிச்சு, பாடுபட்ட சனத்துக்குக் குடுக்கச் சட்டமும் வந்திட்டுது. ஆனா பண்ணைக்காரன் லேசிலை விடுவானே? வீட்டையும் சுத்தியிருக்கிற காணியையும் அவன் வைச்சிருக்கலாமெண்டு ஒரு விதி. சில இடங்களிலை கிணறு அதுக்குள்ளைதான்! நிலம் உனக்கு, தண்ணி எனக்கு. உது நீதியே?"

"இல்லைத்தான் அண்ணை," என்றாள் சிவாஜினி. முகத்திலிருந்த சிரிப்பு மாறாமலே தொடர்ந்தாள். "எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான். கிணத்துக்குக் கிட்டப் போகேலாது. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் குடத்தோடை நிக்கவேணும். சின்னனிலை நானும் நிண்டிருக்கிறன்."

மெக்சிக்கோ இவ்வளவு கிட்ட இருக்கும் என்று தியாகலிங்கம் நினைத்ததேயில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்து வித்தியா தட்டத்தோடு வந்தாள். சிவாஜினிக்கும் நிஷானுக்கும் சில்வர் பேணிகளைக் கொடுத்தாள். அப்பாவிடம் ஒரு கடதாசிக் கப்பை நீட்டிவிட்டு, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் சிவநேசம் விறைத்துப்போய் நின்றாள். தியாகலிங்கம் கப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

நிஷானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்க, சிவாஜினி சிரிக்க, கடைசியில் தியாகலிங்கமும் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு கலியாண நாள் குறிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் சிவநேசம் சமையலறைக்கு ஓடினாள். அவர்கள் வாய் பட்ட பேணிகளைப் புறம்பாக ஒதுக்கிவைக்க வேண்டுமே! ஆனால் வித்தியா அலுமாரியிலிருந்த பேணிகளையும் இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அத்தனையும் சிவநேசம் சீதனமாகக் கொண்டுவந்தவை. அத்தனையிலும் அவள் பெயரே வெட்டியிருந்தது.

"எதடி அதுகள்?"

"எனக்கும் தெரியேல்லை அம்மா."

வித்தியா சொன்னது உண்மை. தியாகலிங்கம் ஒரு பேணியை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

"எல்லாத்தையும் எறியப்போறீரே? எறியும். இனி நாங்களும் நெடுகக் கடதாசிக் கப்பிலை குடிப்பம்."

சிவநேசம் ஒவ்வொரு பேணியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எறிய மனம் வரவில்லை.

மறுநாள் காலை, தேநீர் இல்லாமல் அவளுக்குத் தலையிடித்தது. பேணி வரிசையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.