ஆந்தைச்சிங்கத்தின் முதுகு

எங்கள் ஊரைக் காப்பதாகச் சொல்லப்படும் ஆந்தைச்சிங்கத்தை யாரும் பார்த்ததில்லை. ஆந்தை முகம், சிங்க உடம்பு, மீன் வால். ஆற்றிலிருந்து எழுந்து வந்து வெள்ளத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டதாம். வயிறு எவ்வளவு பெரிது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. அதற்குச் சிலை வடிக்கும் வேலை, சிற்பியான என் நாத்தனாருக்குக் கிடைத்தது. அவருக்கு அதுதான் முதல் பெரிய வேலை. நான் மாநகராட்சியின் செய்தித் தொடர்பு அலுவலகத்தில் இருப்பதால், சிபாரிசு என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சிலை சொதப்பினால் இனி ஒரு பொம்மை செய்யக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

சொதப்பியது. முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று பட்டறையில் சிலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வாசலில் நுழைந்தால் வால்தான் வரவேற்கும். மாதக்கணக்கில் அப்படியே புழங்கிய மனுஷி, பீடத்தில் போல்ட் வைக்க வேண்டிய இடங்களுக்கு அளவு அட்டை வெட்டும்போது வாசல் பக்கத்தையே முன்பக்கம் என்று குறித்துவிட்டார். சதுக்கத்தில் கிரேன் இறக்கியபோது கால்கள் கச்சிதமாகப் பொருந்தின. முகம் கடைவீதியைப் பார்த்தது. மேயர் அலுவலகத்துக்கு நேராக வால்.

நாத்தனார் பீடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என் மானம் போச்சு. உண்மையைச் சொல்லிடறேன்."

"வாயைத் திறக்காதீங்க அக்கா," என்றேன்.

மேயர் வந்து வாலை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா இது, எனக்குப் பின்பக்கத்தைக் காட்டுது?"

"அதுதான் சார் விசேஷமே!" எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அந்தத் தைரியம். "ஆந்தைச்சிங்கம் எதிரியைத்தான் முறைச்சுப் பார்க்கும். நம்பினவங்களுக்குத்தான் முதுகைக் காட்டும்."

மேயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திறப்பு விழாவில், தன் தாத்தா சொன்ன கதை என்று அதையே அவிழ்த்துவிட்டார்.

கடைவீதிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். "அப்போ நாங்க எதிரியா?" என்று செருப்புக்கடைக்காரர் எகிறினார். மேயர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

நாத்தனார் மைக்கைப் பிடுங்கினார். "யாரும் எதிரியில்ல. அட்டையைத் தப்பாக் குறிச்சது நான்தான். நானே திருப்பி வச்சுத் தர்றேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனுஷி மேல் அவ்வளவு மரியாதை அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை.

"அப்போ எங்க தாத்தா சொன்னது பொய்யா?" என்றார் மேயர்.

"சிலை செய்யத் தெரிஞ்சா போதுமாம்மா, அதோட வரலாறு தெரிய வேண்டாமா?" என்றார் செருப்புக்கடைக்காரர். "எங்களுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு குடுங்க. முதுகு எங்க பக்கம் இருக்கணும்."

உண்மையை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை மட்டும் இன்னொன்று கிடைத்தது.

இப்போது சதுக்கத்தில் இரண்டு ஆந்தைச்சிங்கங்கள் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து ஊரைக் காக்கின்றன, சரி. ஒன்றையொன்று ஏன் முறைக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்களாம். பலகையில் எழுதி வைக்க ஒரு கதை வேண்டும் என்று மேயர் என்னிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார் நாத்தனார், கையில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தேய்த்தபடி. "நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும்னு எழுது."