பக்கம் நூற்று நாற்பத்து மூன்று

எங்கள் புத்தகத்தில் தவ்லத் மேடம் முப்பத்தேழு தவறுகளைக் கண்டுபிடித்திருந்தார். நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. ஆனால் அது அவருடைய முப்பத்தேழையும் விழுங்கி ஏப்பம் விடுகிற தவறு.

நான் இன்ஷிராஹ். கெய்ரோவில், ஃபக்காலாவில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். கம்ப்யூட்டரில் லினக்ஸைக் கையாளுவதற்கு அரபியில் நாங்கள் போட்ட வழிகாட்டி, ஜனவரிப் புத்தகக் கண்காட்சியில் இரண்டாயிரம் பிரதியும் விற்றுத் தீர்ந்தது. எங்கள் முதலாளி வக்திக்குத் தலைகால் புரியவில்லை. உடனே இரண்டாம் பதிப்பு என்று குதித்தார். வாசகர் கடிதங்களையெல்லாம் என் மேஜையில் கொட்டி, தவறுகளைப் பட்டியல் போடச் சொன்னார்.

பாதிக் கடிதங்கள் தம்பட்டம். இந்த நூலாசிரியரை விட எனக்கு அதிகம் தெரியும் என்று நாலு பக்கத்துக்கு நீட்டியிருப்பார்கள். தவ்லத் மேடத்தின் கடிதம் அப்படியில்லை. தெற்கே மல்லவி என்கிற ஊரிலிருந்து வந்திருந்தது. பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். முப்பத்தேழும் சரி. எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். ரத்தம் ஏற்றியே உயிர் வாழ வேண்டிய பிள்ளைகளுக்கான ஒரு தர்ம மருத்துவமனையில் பதிவேடு பார்க்கிறவர். நூற்று நாற்பது பிள்ளைகள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் ரத்தம் வேண்டும். அடிக்கடி ஏற்றி ஏற்றி, சில பிள்ளைகளின் உடம்பு எல்லார் ரத்தத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்குப் பொருந்துகிற ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாருக்கு யார் பொருந்தும், அந்த ஆள் எந்தக் கிராமம், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒன்பது வருஷமாகச் சேர்த்த விவரம் எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க் இப்போது கரகரவென்று சத்தம் போடுகிறது.

‘புதிய டிஸ்க் வாங்கிவிட்டோம். புதன்கிழமை பிள்ளைகள் வராத நாள். அன்று முற்பகலில் உங்கள் 143ஆம் பக்கத்தின்படி எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றப் போகிறேன். அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்தேன். ஒரு தவறும் இல்லை. பாராட்டுகள்’ என்று முடித்திருந்தார்.

பாராட்டை ருசிக்கத்தான் 143ஐத் திருப்பினேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் வலமிருந்து இடமாக வாசிக்கிறவர்கள். எங்கள் புத்தகத்தில் எந்தப் படமும் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு இடுகிற ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு டிஸ்க்கின் பெயரை அதில் எழுத வேண்டும். இடப்பக்கம் வருகிற டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ, அதையே வலப்பக்கத்து டிஸ்க்கிலும் கொண்டுவந்து வைக்கும். அங்கே கூடுதலாக எது இருந்தாலும் துடைத்துவிடும். கம்ப்யூட்டருக்கு இடப்பக்கம்தான் முதல். அது அரபி படித்ததில்லை.

பக்கம் வடிவமைக்கிற பஸ்யூனி அந்த வரியைச் சரியாகத்தான் வைத்திருந்தான். மெய்ப்பில் சிவப்பு மையால் அம்பு போட்டு, ‘பழைய டிஸ்க் வலப்பக்கம் வர வேண்டும், மற்ற பக்கங்களைப் பார்!’ என்று எழுதியவள் நான்தான். “மேடம், இது அப்படியே தட்டுற வரி, மாத்தலாமா?” என்று அவன் கேட்டான். “நீ பொறந்ததுலேருந்து எந்தப் பக்கத்துலேருந்துடா படிக்கிறே?” என்று நான் கேட்டேன். அறையே சிரித்தது. அவன் மாற்றிவிட்டான்.

அதாவது, எங்கள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே தட்டினால், வெறும் டிஸ்க்கின் வெறுமை நிறைந்த டிஸ்க்குக்குப் போகும்.

கடிதம் சொன்ன அதே புதன்கிழமைதான் அன்று. மணி பதினொன்றரை.

கடிதத்தாளின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவை ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது.

“இன்னிக்கு ஆஸ்பத்திரி லீவு மகளே.”

“தவ்லத் மேடத்தைக் கூப்பிடுங்க. அவசரம். கெய்ரோவிலிருந்து பேசுறேன்.”

“மேடம் மாடியில கம்ப்யூட்டர் ரூம்ல இருக்காங்க. கதவைச் சாத்திட்டாங்க. அமைச்சரே வந்தாலும் கூப்பிடாதேன்னு எங்கிட்ட சொல்லியிருக்காங்க.”

“பெரியப்பா, உங்க பேர் என்ன?”

“ஷெனூதா. வாட்ச்மேன்.”

“ஷெனூதா பெரியப்பா, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். ஓடிப்போய் அவங்களை நிறுத்தச் சொல்லுங்க.”

“முடியாதும்மா. வேலை நடக்கிறப்போ குறுக்கே யாரும் போகக்கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்காம். எனக்குப் படிச்சே காட்டினாங்க.”

அந்த வரியும் நான் சேர்த்ததுதான். கருப்புக் கட்டம் கட்டி, எச்சரிக்கை என்று தலைப்புக் கொடுத்து.

“அந்தப் புத்தகத்தைப் போட்டதே நாங்கதான்! அது தப்பு! புத்தகம் தப்பு!”

“மேடம் அதை நாலு தடவை படிச்சாங்களே,” என்றார் ஷெனூதா, யாரை நம்புவது என்று தெரியாமல்.

“பிள்ளைங்களுக்கு ரத்தம் கிடைக்காது பெரியப்பா! போங்க!”

போனை மேஜையில் வைக்கிற சத்தமும், செருப்பு தேய்கிற சத்தமும் கேட்டன. பாவி மனுஷன், முழங்கால் வலி போலிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். நான் இங்கே நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கடவுளே, மின்சாரம் போகட்டும், அந்த ஊருக்கே போகட்டும் என்று வேண்டினேன். தினமும் போகிற சனியன் இன்றைக்குப் போகக்கூடாதா?

நான் கத்தியதைக் கேட்டு வக்தி வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முதலாளி முதலாளிதான்.

“சத்தம் போடாதே இன்ஷிராஹ். ரெண்டாம் பதிப்புல திருத்திடலாம். யாரு கவனிக்கப் போறா?”

“முதல் பதிப்பை வாங்கினவங்க என்ன, வாழ்த்து அட்டையா வாங்கினாங்க?”

போனில் வேகமான காலடிச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க, மரியாதையாக ஒரு பெண் குரல். “உஸ்தாதா இன்ஷிராஹ்வா? புத்தகத்தோட ரெண்டாம் பக்கத்துல உங்க பேர் பார்த்திருக்கேன்! எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு, நீங்களே கூப்பிடுறீங்க!”

“மேடம், தொடங்கிட்டீங்களா?”

“முடிச்சே விட்டேன்! உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு மணி நேரம் ஆகும்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது தப்பு. ஒரு நிமிஷம்கூட ஆகலை. முப்பத்தெட்டாவதா எழுதிக்கோங்க.”

வெறும் டிஸ்க்கில் என்ன இருக்கிறது, நேரம் ஆவதற்கு?

“மேடம்,” என்றேன். “ரெண்டு டிஸ்க்கையும் திறந்து பார்த்தீங்களா?”

“இன்னும் இல்லை. ஏன்?”

“மேலே போய்ப் பாருங்க. பார்த்த உடனே மெஷினை அணைச்சிடுங்க. வேற எதையும் தொடாதீங்க.”

அவர் போனார். வக்தி என் எதிரில் உட்கார்ந்து, தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். ‘அவங்களே தப்பா தட்டியிருப்பாங்கன்னு சொல்லு’ என்று உதட்டசைவில் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை வந்தது. சொன்னால் நம்பிவிடுவார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

தவ்லத் மேடம் திரும்பி வருவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

“ரெண்டும் காலியா இருக்கு,” என்றார்.

“மேடம்...”

“நான் எங்கே தப்பு பண்ணினேன்? புத்தகம் கையிலதான் இருக்கு. ஒவ்வொரு எழுத்தா படிச்சுக் காட்டுறேன், எங்கே தப்புன்னு சொல்லுங்க. ஒன்பது வருஷம். காகிதத்துல இருந்ததையெல்லாம் கூரை ஒழுகி நனைஞ்சதும் நானே எடுத்துப் போட்டேன். இனிமே கம்ப்யூட்டர் இருக்கே, காகிதம் எதுக்குன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டது நான். என் கை எங்கே தவறுச்சுன்னு சொல்லுங்க!”

படிக்கவே தொடங்கிவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சரியாகப் படித்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

“நீங்க தப்பே பண்ணலை மேடம். புத்தகம்தான் தப்பு. அந்த வரியைத் திருப்பிப் போடச் சொன்னது நான். வடிவமைக்கிறவன் சரியா வச்சிருந்தான். நான் அவனைக் கேலி பண்ணி மாத்த வச்சேன்.”

வக்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“மெஷினைத் திரும்பப் போடாதீங்க,” என்று நானே தொடர்ந்தேன். “அழிஞ்சதை மீட்கிற ஆளைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே ரயில் ஏறுறேன். கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம்.”

“எவ்வளவு?”

“தெரியாது மேடம். சத்தம் போடுற டிஸ்க்... நிச்சயமா சொல்ல முடியாது.”

“நாளைக்கு ஒன்பது பிள்ளைங்க வருது,” என்றார். குரலில் உணர்ச்சியே இல்லை. “ஆறு பேருக்கு யார் ரத்தம்னு எனக்கு மனப்பாடம். மூணு பேருக்குத் தெரியாது. அதுல ஒருத்தி மர்யானா. அவளுக்குக் கொடுக்கிறவர் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். பேரு வாய்க்குள்ளேயே நிக்குது, வர மாட்டேங்குது.” பிறகு திடீரென்று, “இந்தப் புத்தகம் எத்தனை போட்டீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டாயிரம்.”

“அத்தனையிலும் இந்தப் பக்கம் இப்படித்தானா?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு இன்னும் எங்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க? என் மூணு பேரை நான் நடந்தே போய்த் தேடிக்கிறேன். ஆளை மட்டும் அனுப்புங்க, நீங்க வராதீங்க. உங்க ரெண்டாயிரம் பேரை நீங்க தேடுங்க.” போனை வைத்துவிட்டார்.

மீட்கிற ஆளைப் பிடித்து ரயிலுக்கு அனுப்பினேன். பிறகு நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, முதல் பக்கத்தில் அறிவிப்புப் போட வேண்டும் என்றேன். யார் பெயரில் என்று அங்கிருந்தவன் கேட்டான். வக்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பெயரைச் சொன்னேன், பக்க எண்ணையும் சொன்னேன். எழுதிக்கொண்டான். சனிக்கிழமை இதழில்தான் இடம் இருக்கிறது, அதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றான்.

இடையில் வெள்ளிக்கிழமை இருக்கிறது. எங்கள் ஊரில் அது விடுமுறை நாள். தொழுகை முடிந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்ததும், தள்ளிப் போட்ட கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் அன்றைக்குத்தான் உட்காருவார்கள்.