வலது தட்டில் ஐம்பத்திரண்டரை கிலோ

தீப்பிடித்தால் தப்பிக்கப் பட்டறைகளுக்குப் பின்கதவு கட்டாயம் என்ற விதி ஐம்பத்திரண்டு கிலோ முன்னூறு கிராம் இருந்தது. அரசாங்க விதிகளை நிறுக்கும் அலுவலகத்தில் இது ஒன்றும் பெரிய எடை இல்லை. முந்தின மாதம்தான் சாக்கடைகளுக்கு மூடி போடச் சொல்லும் விதி ஆயிரத்து நூறு கிலோ காட்டி, தராசின் சங்கிலியையே அறுத்திருந்தது. நடைமுறை எளிது. புது விதியால் யாருக்கெல்லாம் நஷ்டமோ அவர்கள் அதற்கு அடையாளமாக எதையாவது கொண்டுவந்து இடது தட்டில் வைப்பார்கள். அங்கே பொருளின் எடை செல்லாது, அதனால் வரும் தொல்லையின் எடைதான் செல்லும். நாலு பக்கப் படிவம் ஒன்று ஒன்பது கிலோ காட்டியதுண்டு. வலது தட்டில் யாரும் எதையும் வைப்பதில்லை. நடக்காமல் போகப்போகும் விபத்தை யார் மூட்டை கட்டிக் கொண்டுவர முடியும்? அந்தத் தட்டு காலியாக இருந்தபடியே, அந்த விதியால் பிழைக்கப்போகிறவர்களின் உடல் எடைக்குத் தானாக இறங்கும். யார் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

எடை அதிகாரிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினேழு வருஷமாக அதே தராசு, அதே நாற்காலி. பின்கதவு விதி அந்த ஊரில் ஒரே ஒரு மெத்தைப் பட்டறைக்குத்தான் பொருந்தும், அதுவும் அவளுடைய தங்கை வீட்டுக்காரருடையது. சொந்தக்காரர் என்று சலுகை எதுவும் கேட்காமல், அவர் முறைப்படி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்: இடிக்கவேண்டிய சுவரிலிருந்து நாலு செங்கல், கதவு வைத்தால் இடம் போய்விடும் இரண்டு தையல் மெஷின்களின் மிதிபலகைகள், அவற்றில் வேலை பார்த்த இரண்டு பெண்களின் கத்தரிக்கோல்கள். செங்கல் நாலும் சேர்ந்து ஆறு கிலோகூட வரவில்லை. கத்தரிக்கோல்களை வைத்ததும் முள் மடமடவென்று ஏறி, ஐம்பத்திரண்டு கிலோ நானூறில் நின்றது.

காலை பத்து மணிக்கு என்ன எடையோ அதைத்தான் எழுத வேண்டும். பத்து மணிக்கு விதி நூறு கிராமில் தோற்றிருந்தது. ஆனால் ஐம்பத்திரண்டு முன்னூறு என்ற எண் அதிகாரியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. போன வாரம் தங்கை விளையாட்டாக இதே தராசின் வலது தட்டில் ஏறி நின்றபோது காட்டிய எடை அது. தங்கை பட்டறையின் கடைசி அறையில் உட்கார்ந்து ஸ்பாஞ்சு வெட்டுகிறவள். தூசி இருக்கிறது என்று சொல்லி அதிகாரி தட்டைத் துடைத்தாள், பிறகு முள்ளைத் துடைத்தாள், பிறகு துடைத்த துணியை உதறினாள். பத்தரைக்கு வலது தட்டு இருநூறு கிராம் கூடியது. பத்தரை, தங்கை டீ குடிக்கும் நேரம். போன் போட்டுக் கேட்டதில், இப்போதுதான் குடித்ததாகவும் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்ததாகவும் தங்கை சொன்னாள். அதிகாரி பத்து மணிக் கட்டத்தில் ஐம்பத்திரண்டரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் வேலையில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு நாங்க ஜெயிச்சிட்டோம்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செங்கல்களைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அதிகாரி தங்கையிடம் உண்மையைச் சொன்னாள். தங்கை நம்பவில்லை. ஐம்பத்திரண்டு கிலோவில் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் பத்தரைக்கு டீ குடிக்கிறார்கள் என்றாள். அவளுடைய கோபம் வேறு. வேலை போன இருவரில் ஒருத்தி அவளோடு பத்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவள். "அவ புள்ளைங்களுக்கு நீ போய்ப் பதில் சொல்லு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

கதவு வைத்தார்கள். தீப்பிடிக்கவில்லை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை. பின்கதவு வழியாக ஒரு பூனையைத் தவிர யாரும் போய்வரவில்லை என்று தங்கை வீட்டுக்காரர் ஐந்து வருஷம் கழித்து, விதியை மறுபடி நிறுக்கும்போது, மனுவில் எழுதினார். பழகிப்போன தொல்லைக்கு எடை குறைவு என்பதால் இடது தட்டின் எடை அப்போது நாற்பது கிலோவாகக் குறைந்திருந்தது. கத்தரிக்கோல்களின் பங்கு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வலது தட்டு ஐம்பத்தெட்டு காட்டியது. தங்கை சதை போட்டிருக்கிறாள் என்று தெரிந்து அதிகாரிக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தாவது வருஷம் அறுபத்து மூன்று. நடை கிடை இல்லாமல் உட்கார்ந்தே இருக்கிறாள் போல என்று அலுத்துக்கொண்டாள். தங்கையைப் பற்றி அவளுக்குக் கிடைத்த சேதி அவ்வளவுதான், ஐந்து வருஷத்துக்கு ஒரு எண்.

பதினைந்தாவது வருஷம் வலது தட்டு ஐம்பதில் நின்றது. அதிகாரி பத்து மணிக் கட்டத்தில் அதைச் சரியாக எழுதினாள். பத்தரை ஆனது, முள் அசையவில்லை. பதினொன்று வரை பார்த்தாள். பிறகு அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பட்டறைக்கு நடந்தாள்.

தங்கை கடைசி அறையில் ஸ்பாஞ்சு வெட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"டீயை ஏன் நிறுத்தினே?" என்று கேட்டாள் அதிகாரி.

"சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. போன மாசம்தான் தெரிஞ்சுது. மாத்திரை சாப்பிடறேன்." தங்கை ஏதோ கேட்க வந்து நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "இன்னும் அதுல நான்தானா?"

"நீதான்."

"எத்தனை நாளைக்கு?"

"நீ இங்க வேலை பார்க்கற வரைக்கும்."

தங்கை பின்கதவைப் பார்த்தாள். அது தாழ் போடாமல் இருந்தது, பூனை நிலைப்படியில் தூங்கியது. "என்கூட சாப்பிட்டவளை இன்னும் என்னால நேருக்கு நேர் பார்க்க முடியலக்கா," என்றாள். தங்கை ஸ்டூல் மேலிருந்த வெட்டுத் துண்டுகளைக் கீழே தள்ளிவிட்டு, அதை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரு," என்றாள். "ரிட்டயர் ஆகற எண்ணம் எனக்கு இல்லை. தட்டு இறங்கியே இருக்கட்டும்."