நுரை போன வழி

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தண்ணீர்தான் வரவில்லை. சலவைக்கடைக்காரர் குழாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், கடைசியில் பம்பின் தலையில் ஒரு தட்டும் தட்டினார். அது மசிகிற வழியாக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் வாசல்வரை குவிந்து கிடந்தன. மாலைக்குள் துவைத்துக் கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும். அது போனால் கடையையே மூட வேண்டியதுதான்.

"மோட்டாரைக் கழட்டி ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

"போனா இன்னைக்கு வந்த மாதிரிதான். தங்கச்சியை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. மச்சினிச்சிக்கு 'நோண்டி' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான். கல்யாணமான புதிதில் அவருடைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்ட மகராசி. அவளே அதைத் திரும்பப் பூட்டினாள் என்பதும், அதற்குப் பிறகுதான் அது ஒழுங்காக ஓடுகிறது என்பதும் வேறு விஷயம். அதைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடுவதில்லை.

வந்தவள் பம்பின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பினாள். மோட்டாரைப் போட்டதும் குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்தது. அவர் முகம் மலர்வதற்குள் நின்றும் போனது.

"பாத்தியா? மோட்டார் போச்சு."

"மோட்டார் கெட்டிருந்தா இவ்வளவுகூட இழுத்திருக்காது அத்தான்."

மறுபடி நிரப்பிவிட்டு, மோட்டாரைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. "தரைத்தொட்டிக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வால்வும் நல்லாத்தான் இருக்கு. தண்ணி இழுக்கிற குழாய்லதான் எங்கயோ காத்து புகுது."

பிறகு துவைக்கிற தொட்டியிலிருந்து இரு கையாலும் நுரையை அள்ளி வந்து, மோட்டாரை ஓடவிட்டு, குழாயின் இணைப்புகளில் எல்லாம் அப்பினாள். மற்ற இடங்களில் நுரை அப்படியே நின்றது. சுவரோர இணைப்பில் மட்டும் சர்ரென்று உள்ளே போய் மறைந்தது.

அவர் அசந்துபோனார். பிழைப்பே இந்த நுரையில்தான் நடக்கிறது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை!

"இந்தக் குழாய்ல யாராவது எதையாவது தொங்க விடுறாங்களா? கீழ வளைஞ்சிருக்கே" என்றாள்.

ஈரத்துணி மூட்டையைத் தினமும் நீர் வடிய அங்கே மாட்டுகிறவர் அவர்தான். வேண்டாம் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். அவர் திருதிருவென்று விழித்தார். மச்சினிச்சி அந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"பழசாயிடுச்சு. அதான் தானா தளர்ந்துபோச்சு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, இணைப்பைக் கழற்றித் துடைத்து, டேப் சுற்றி முறுக்கினாள். தண்ணீர் வந்தது, நிற்காமல் வந்தது.

மாலையில் கடைசிக் கட்டு விரிப்பை வண்டியில் ஏற்றும்போது ஆஸ்பத்திரி டிரைவர் கேட்டார்: "காலையில மோட்டார் போச்சுன்னீங்களே, எந்த மெக்கானிக்?"

"எங்க வீட்டு நோண்டி!" என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கடிகாரம்கூட அவ கை பட்டுத்தான் ஓடுது."

உள்ளே போனபோது குழாய்க்கு மேலே சுவரில் ஒரு புதுக் கொக்கி இருந்தது. மூட்டை மாட்ட அவருக்குச் சரியாகக் கையெட்டும் உயரம்.