நான் வைத்த ஒரே வெடி

இந்தச் சண்டைக் காலத்தில் நானும் ஒரு வெடி வைத்திருக்கிறேன். துவக்கால் அல்ல, நல்லரத்தினம் ஐயாவின் கார் சைலன்சரால். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்.

என் கராஜில் திருத்திய காரை ஐயாவிடம் கொடுக்க ஓட்டிக்கொண்டு போனேன். வாவிப் பாலத்து ஆமிக் காவலரணுக்கு முப்பது யார் தூரம் இருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கார் என்றால் மெதுவாகப் போக வேண்டும். நான் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவன். அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்னால் வெடித்தது. ரோட்டில் நடந்த சனம் அவ்வளவும் மண்ணில் படுத்தது. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நான் மட்டும் கூரை மடித்த காரில் கலியாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தேன். குனிந்து ஒளியவும் இடமில்லாத இரண்டு சீட் கார் அது.

போனட்டைத் திறந்து, புகைக்குழாயைக் காட்டி, எனக்குத் தெரிந்த பதினேழு சிங்களச் சொற்களையும் செலவழித்து, அது இஞ்சின் சத்தம் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. ஒரு சிப்பாய் சிரித்தே விட்டான். என்னை விட்டார்கள். வட்டையில் வயலைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த சிவபாதம், சத்தத்துக்குச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். ஓடியவனை விடவில்லை.

சிவபாதம் தேற்றாத்தீவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வளவு. இரண்டு பிள்ளைகள். பெண்சாதி புஸ்பம் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

அடுத்த நாளே நல்லரத்தினம் ஐயா காரை வீட்டோடு இருக்கும் என் கராஜுக்குத் தள்ளுவித்தார். நிலஅளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் முப்பது வருசத்துக்கு முன் வாங்கிய கார். சிவப்பு நிறம் இப்போது காய்ந்த மிளகாய் நிறம். ஐயா சிங்களம் சரளமாகப் பேசுவார். வியாழக்கிழமைகளில் புஸ்பத்தை ஏற்றிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போய் விசாரிக்க வேண்டும், இன்னொரு தரம் அது வெடிக்கக் கூடாது என்றார். சிவபாதத்தைப் பிடித்தது என் பிழையா ஐயா என்று கேட்டேன். "காலம் சரியில்ல குஞ்சித்தம்பி" என்றார். தேத்தண்ணீர்க் கடையில் கேட்டேன். அவனை எப்படியும் பிடித்திருப்பார்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். என் மனிசியிடம் கேட்டேன். சோறு ஆறுது என்றாள்.

மனிதர்களிடம் கிடைக்காததை இஞ்சினிடம் தேடினேன். என்னைத் தவிர வேறு ஒரு குற்றவாளி வேண்டும், அவ்வளவுதான். பிளக் நான்கையும் கழற்றினேன்; கரி படிந்திருந்தது. மண்ணெண்ணெய் கலந்து ஓடுகிற எல்லாக் காருக்கும் உள்ள கரிதான். எண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேற்றர் இரண்டு, இறப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை ஒவ்வொரு வாயிலும் பிடித்தேன். காற்று இழுக்கிற சத்தம் இரண்டிலும் ஒரே அளவு. முன்னால் இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுற்றினேன். நாலு சிலிண்டரும் முறைப்படி கையை எதிர்த்தன. சைலன்சரில் ஒரு ஓட்டை. ஓட்டையைக் கண்டு அப்படிச் சந்தோசப்பட்ட மெக்கானிக் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டான். தகரம் வைத்து அடைத்து, வாசலிலேயே ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்ததும் மறுபடி வெடித்தது. பக்கத்து வளவில் கோழிகள் கலைந்தன. புஸ்பத்தின் சின்னப்பிள்ளை அழுவது கேட்டது.

பிளக்குகளுக்குத் தீப்பொறி பிரித்துவிடுகிற டிஸ்ரிபியூட்டரைக் கடைசியாகத்தான் தொட்டேன். ஏன் கடைசி என்று எனக்குத் தெரியும். பெற்றோல் கிடைக்கிற நாளில் அதை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், மண்ணெண்ணெய் நாளில் மறுபக்கம். திருப்பி முடிந்ததும் அடி நட்டை இறுக்க வேண்டும். நாளைக்கு எது கிடைக்குமோ, திரும்பவும் கழற்றத்தானே வேண்டும் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை நான் விரலாலேயே முடுக்கி விட்டிருந்தேன். ஸ்பானர் பக்கத்தில்தான் கிடந்தது. பாலம்வரை ஓடிய அதிர்வில் அது தானாகச் சுழன்றிருக்கிறது. தீப்பொறி பிந்தி வர, எரியாத எண்ணெய் சூடான புகைக்குழாயில் போய்ப் பற்றியிருக்கிறது. கை வைத்ததும் குழந்தையின் தலை மாதிரி என் பக்கம் திரும்பியது.

சரிசெய்து இறுக்கினேன். ஐயாவிடம் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது என்றேன்.

கார் வெடிக்காமல் மூன்று வியாழக்கிழமை போய் வந்தது. போகும்போது புஸ்பத்தின் மடியில் கழுவி மடித்த சிவபாதத்தின் சாரமும் சேட்டும் இருக்கும். வரும்போதும் இருக்கும். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று வாசலில் சொல்கிறார்களாம். இஞ்சின் பூனைமாதிரி ஓடுது என்று ஐயா மெச்சினார். அந்த மெச்சல்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

நான்காம் புதன்கிழமை அவள் வளவுக்குப் போனேன். வேலிக்கரையில் நின்று சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவாமலே போயிருந்தேன்; கழுவப் போனால் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

"புஸ்பம், எண்ணெயில தண்ணி எண்டு சொன்னது பொய். நான் ஒரு நட்ட இறுக்காம விட்டுட்டன்."

அவள் நிமிரவில்லை. நட்டு எங்கே இருக்கிறது, எத்தனை சுற்று இறுக்க வேண்டும் என்றெல்லாம் உளறினேன். பிறகு ஊர் முழுக்கக் கேட்டதை அவளிடமும் கேட்டேன்.

"அந்தச் சத்தத்தாலதானா அவனப் பிடிச்சவங்க?"

சுளகு நின்றது. என்னை நேராகப் பார்த்தாள்.

"ஓம் அண்ணன். உங்கட சத்தத்தாலதான். மத்தச் சனமெல்லாம் படுத்துட்டு. இவர்தான் வீட்டுப் பக்கம் ஓடினவர். வெடிச்சத்தம் கேட்டா எங்க நிண்டாலும் ஓடி வந்திருங்க, பிள்ளைகளோட தனிய இருக்க எனக்குப் பயம் எண்டு நான்தான் சொல்லி வெச்சிருந்தன்."

மறுபடி புடைக்கத் தொடங்கினாள். வாவிக் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. பறந்து வந்த உமி, கிறீஸ் காயாத என் இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது.