பேப்பர் படித்த மான்

வெர்லின் ஹாஸ்கெட்டைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. தன் துப்பாக்கிக்கான குண்டைத் தானே ஈயம் காய்ச்சி வார்ப்பவர்கள் ஒரு வகை. கடையில் வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. கடைக் குண்டுக்கு மேலே செம்பில் ஓர் உறை இருக்கும் என்பதால் அவர்களைச் செம்புச் சட்டைக்காரர்கள் என்பார். "உள்ள இருக்கறது அதே ஈயந்தான். சட்டை மாட்டிக்கிட்டா கனவான் ஆயிடுமா?" என்று கேட்பார். முடி வெட்டிக்கொள்ளும்போது கேட்பார். இடுகாட்டில், சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரிடமும் கேட்பார்.

சால்மன் ஆற்றங்கரை ஈய வார்ப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எல்க் மான் கொம்புகளைச் சேர்த்துச் செய்த நாற்காலி அவருடையது. அந்த நாற்காலிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தலைவர் தன் சொந்த வார்ப்புக் குண்டால் ஒரு மிருகத்தை வீழ்த்த வேண்டும். அதன் உடலிலிருந்து எடுத்த குண்டை நவம்பர் விருந்தில் தகரத் தட்டில் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் நாற்காலி துணைத் தலைவர் மெர்ல் டிரஸ்காட்டுக்குப் போய்விடும். மற்ற உறுப்பினர்களும் தங்கள் குண்டை வைப்பார்கள்; அது கடைக் குண்டானால் சங்கத்திலிருந்து நீக்கம். டயர் கடைக்காரரான மெர்ல் அந்த நாற்காலியைப் பார்க்கும் பார்வையில் அதன் கொம்புகளே கூசும். நாற்காலி இல்லாத வெர்லின் யார்? ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவ்வளவுதான். அது வெர்லினுக்கும் தெரியும்.

அந்த வருடம் எலிகள் புகுந்தன.

ஈயக் குண்டின் இடுப்பைச் சுற்றிச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். அதில் மெழுகும் கொழுப்பும் கலந்த மசகை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அடுத்த குண்டு எங்கே போகப்போகிறது என்பது குண்டுக்கே தெரியாது. வெர்லினின் மசகு தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்தது. கொட்டகையில் திறந்து வைத்திருந்த குண்டுகளை எலிகள் ஒன்றுவிடாமல் நக்கித் துடைத்துவிட்டன. வேட்டைக்கு முன் அவற்றை அவசர அவசரமாகத் தோட்டாவில் பொருத்தியவர் கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை; மசகு போனதைக் கவனிக்கவும் இல்லை. கைக்கே கண் உண்டு என்பது அவர் கட்சி.

ஓடைக்கு அப்பால் பெரிய கொம்பன் எல்க் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. வெர்லினின் முப்பத்தைந்து காலிபர் துப்பாக்கியின் முதல் குண்டு ஒரு பைன் மரத்தின் உச்சியைக் கொய்தது. அடுத்தது பாறையில் பட்டு எங்கோ விசிலடித்துப் போனது. அதற்கடுத்தது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. மான் தலையை நிமிர்த்தி, கதவைத் தட்டுவது யார் என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

வெர்லினின் கோட்டு உள்பையில் ஒரே ஒரு கடைத் தோட்டா இருந்தது. கரடி வந்தால் உயிரைக் காக்க என்று வைத்திருந்தார். கரடி எந்த வருடமும் வந்ததில்லை. ஆனாலும் வருடந்தோறும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு காக்கையைத் தவிர யாருமில்லை. அதுவும் போகட்டும் என்று காத்திருந்து சுட்டார். எல்க் தள்ளாடி முழங்கால் மடிந்து சரிந்தது. வெர்லினுக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கறி வெட்டியது அவர் மனைவி ஆர்டித். மறுபக்கத் தோலுக்கடியில் அகப்பட்ட குண்டைக் கழுவி, அவருடைய காப்பித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். செம்பு இதழ் இதழாக விரிந்து பூப்போல இருந்தது.

"இது யாரு பெத்த பிள்ளை? நம்ம ஜாடை இல்லையே."

"மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேட்கப்போகுது, மானுக்கா?"

"கரடிக்காக வெச்சிருந்தேன்."

"கரடி வந்துச்சா?"

"வரலை."

"எலி வந்திருக்கு. போய்ப் பாரு. ஊர்ல ஒருத்தனும் உன் பேச்சைச் சட்டை பண்ணலைன்னாலும், அதுங்க நீ செஞ்சதை ருசிச்சுச் சாப்பிட்டிருக்குங்க."

வெர்லின் கொட்டகைக்குப் போனார். குழலை வழித்துச் சுத்தம் செய்தார். புதிதாக ஒரு குண்டு வார்த்து, இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு மசகு அடைத்தார். பழைய செய்தித்தாள்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டாகக் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திச் சுட்டார். ஈரக் காகிதத்துக்குள் போன ஈயம் சதைக்குள் போனதுபோலவே காளான் வடிவில் விரியும். கட்டைப் பிரித்து அவர் குண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் திறந்தது.

"உன் மான் நிறைய பேப்பர் படிக்கும்போல," என்றாள் ஆர்டித்.

விருந்து அன்று சங்கக் கூடத்தில் பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய பீன்ஸ் போட்ட எல்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அது டோவா கொண்டுவந்தது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டோவா லிண்ட்க்விஸ்ட் அந்த வருடம்தான் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். தன் கறி இன்னும் பதமாகவில்லை என்று வெர்லின் சொல்லிவிட்டார். அதில் எந்த மூலையில் செம்புத் துணுக்கு இருக்கிறதென்று யார் கண்டது?

தட்டு சுற்றி வந்தது. மெர்ல் பூதக்கண்ணாடியை எடுத்து வெர்லினின் குண்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பல்குச்சியால் மடிப்புக்குள்ளிருந்து எதையோ நெம்பி எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு. வெர்லினுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி வழுக்கத் தொடங்கியது.

"முடி," என்றார் மெர்ல். "மான் முடி. பிரமாதம் தலைவரே."

கூடம் கைதட்டியது.

"என்னோடதையும் ஒரு தடவை பாத்துடுங்க," என்று கண்ணாடியை நீட்டினார். வெர்லின் பார்த்தார். மெர்லுடைய குண்டின் மடிப்பில் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது. கோழிக்கறித் தள்ளுபடி விளம்பரம். பாதி விலைகூட வாசிக்க முடிந்தது.

"முடிதான்," என்றார் வெர்லின். "நல்ல அடர்த்தி."

அடுத்தது டோவா. அவள் தட்டில் வைத்தது செம்புப் பூ.

"மொதல்ல நான் வார்த்த குண்டைத்தான் போட்டேன் தலைவரே. கால்ல பட்டுடுச்சு. நொண்டிக்கிட்டே போச்சு. பாத்துட்டு நிக்க மனசு வரலை. கையில இருந்த கடைத் தோட்டாவைப் போட்டு முடிச்சுட்டேன். அதான் இது."



"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா," என்றார் மெர்ல், வாயில் கறியோடு.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவளைக் காப்பாற்ற ஒரு சொல் சொன்னால் போதும் என்று வெர்லினுக்குத் தெரிந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் கொம்புகள் எவ்வளவு வாகாகத் தாங்கிக்கொண்டிருந்தன.

அவர் எழுந்து, ஈயத்தின் நேர்மை குறித்து அருமையாகப் பேசினார். குரல் ஓரிடத்தில் தழுதழுக்கக்கூடச் செய்தது. முடிவில் டோவாவின் பெயர் நீக்கப்பட்டது.

அவள் சட்டையிலிருந்த சங்க வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சரிங்க. அப்போ செம்புச் சட்டை பட்ட கறி இந்த மேசையில இருக்கலாமா?"

மெர்லுடைய கரண்டி பாதி வழியில் நின்றது.

"உங்க விதியைத்தான் கேட்கறேன்."

பதிலுக்குக் காத்திராமல் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். இன்னொரு காதை, வெர்லினோடு விருந்துக்கு வந்திருந்த ஆர்டித் பிடித்தாள்.

"நீ எங்க போறே?" என்றார் வெர்லின்.

"பாத்திரம் கனமா இருக்கு."

இரண்டு பெண்களும் பக்கவாட்டில் நடந்து, கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். ஆவி கொஞ்ச நேரம் வாசலில் நின்றது. பிறகு வெர்லினின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

யாரோ சோள ரொட்டிக் கூடையை, வழக்கப்படி, முதலில் தலைவர் பக்கம் நகர்த்தினார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. வெர்லின் காய்ந்த ரொட்டியை மென்றார்.

மெர்ல் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்து உட்கார்ந்தார்.

"நான் கொண்டுபோய் விடறேன் தலைவரே," என்றார். "அடுத்த வருஷத்தைப் பத்தி வழியில பேசிக்கலாம்."